கண்ணுக்குப் புலப்படாத அறை



1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4ஆம் நாள், தென்னிலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து ஒரு பறக்கும் படகு நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. அது கனேடிய அரச விமானப்படையின் 413ஆம் அணிக்குரிய கற்றலினா விமானம். அதன் தலைவர் லெனாட் பேர்ச்சல். அவரையும் சேர்த்து அதனுள் இருந்தோர் ஒன்பதின்மர். இந்து சமுத்திரத்தின் மேல் நெடுநேரம் பறந்து காவல் பார்த்தபின், நம் தீவை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையை அவர்கள் கண்டனர். கண்டதைத் தந்திக் குறியீட்டில் வானொலி வழியே கரைக்கு அறிவித்துக்கொண்டிருக்கையிலேயே யப்பானியப் போர் விமானங்கள் அவர்கள்மேற் பாய்ந்தன. கற்றலினா கடலில் வீழ்ந்தது. மூவர் மாண்டனர், பேர்ச்சல் உட்பட அறுவர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி கரையை அடைந்துவிட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்படுவதற்கு முன்னரே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறுவதற்கு அச்செய்தி உதவிற்று.

அந்த விமானத்தை மாதிரியாகச் செய்வோர் பெரும்பாலும் அதன் நீண்ட சிறகையும், இரு இயந்திரங்களையும், படகு போன்ற அடிப்பாகத்தையும் செய்து நிறம் பூசி நிறைவடைவர். அவர்களைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. ஆனால் அந்த வரலாறு நிகழ்ந்தது விமானத்தின் வெளியிலன்று. உள்ளே, ஒரு சிற்றறையில், தந்திச் சாவியின்மேல் வைத்த ஒரு மனிதனின் கைவிரல்களில். ஆதலின், கடையில் வாங்கும் மாதிரிப் பெட்டியில் இல்லாத அந்த உட்பகுதியை வெறும் கையாலும் எளிய பொருள்களாலும் எவ்வாறு ஆக்கலாம் என்பதையே இன்று விளக்க விரும்புகின்றேன்.

முதலில் அளவுத்திட்டத்தை விளங்கிக்கொள்வோம். விமான மாதிரிகளில் மிகப் பரவலானது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. ஏன் எழுபத்திரண்டு? ஆறு அடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். எனவே மாதிரியில் ஓர் அங்குலம் உண்மையில் ஆறடியைக் குறிக்கும். அதாவது ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். கற்றலினாவின் சிறகு நுனிக்கு நுனி 104 அடி. மாதிரியில் அது பதினேழேகால் அங்குலத்திற்குச் சற்றுக் கூடும். அதனுள்ளே ஒருவர் படுத்துறங்கும் ஆறடிக் கட்டில் ஓர் அங்குலம் ஆகும். எட்டுச் சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு கருவி முகப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சிறிதே மிஞ்சும். கணக்குப் பாடத்தில் விகிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளையும், இந்தக் கட்டிலை ஒருமுறை வெட்டி ஒட்டியபின் அதனை மறப்பதில்லை.

இரண்டாவது, சான்று. வெட்டத் தொடங்குமுன் படங்களையும் வரைபடங்களையும் திரட்டவேண்டும். இதில் நான் இழைத்த பிழையை மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன். எங்கள் மாணவர் முதலிற் செய்த கற்றலினாவுக்குப் பெட்டியிலிருந்த சக்கரங்களை அப்படியே பொருத்தச் சொன்னேன். பாடசாலைக் கண்காட்சிக்குப் பேரனோடு வந்திருந்த ஒரு முதியவர் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அதிபர் ஐயா, ஏரியிலே இறங்கின விமானத்துக்குச் சக்கரம் என்னத்துக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியே. கற்றலினாவில் இரு வகை உண்டு. பின்னர் வந்த வகை நிலத்திலும் இறங்கவல்லது. அதற்குச் சக்கரங்கள் உண்டு. பேர்ச்சல் செலுத்தியதோ நீரில் மட்டுமே இறங்கும் முந்திய வகை. அதனைக் கரையேற்றும்போது மட்டும் கழற்றக்கூடிய சக்கரங்களை வெளியே பூட்டுவர். சக்கரக் குழிகளை அடைத்து, அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த எங்களுக்கு இரு வாரங்கள் சென்றன. படத்தைப் பார்ப்பதற்கு ஒரு மணிநேரம் போதுமாயிருந்திருக்கும்.

மூன்றாவது, உள்ளமைப்பு. கற்றலினாவின் உடல் ஒரே கூடம் அன்று. கப்பலைப்போலக் குறுக்குச் சுவர்களாற் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. மூக்குப்புறத்தில் முன்நோக்குபவரின் இடம். அடுத்து வலவர் இருவரின் இருக்கைகள். அதன் பின்னே வழிகாட்டியின் மேசையும் வானொலிக் கருவியும் உள்ள அறை. பின்னர் சிறகைத் தாங்கும் தூணுக்குள் ஏறியமரும் இயந்திரப் பொறியாளரின் இடம். அதன்பின் கட்டில்கள் உள்ள ஓய்வறை. அதற்கும் பின்னே இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் துருத்திநிற்கும் காவலர் அறை. இருபது மணிநேரத்திற்கு மேலும் வானில் நிற்கவல்ல விமானம் ஆதலின், அது பறக்கும் வீடாகவும் இருக்கவேண்டியிருந்தது.

இக்குறுக்குச் சுவர்களே நம் வேலையின் முதுகெலும்பு. உடலின் இரு பாதிகளையும் பசையிடாமல் ஒட்டுநாடாவாற் சேர்த்துக் கட்டுக. சுவர் வரவேண்டிய இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, முதலில் மெல்லிய மட்டையில் ஒரு வடிவம் வெட்டுக. அது பொருந்தாது, முதல் வடிவம் ஒருபோதும் பொருந்துவதில்லை. சிறிது சிறிதாகக் கத்தரித்தும், மிகுதியாக வெட்டுண்டால் வேறு மட்டை எடுத்தும், இடைவெளியின்றி அமரும் வரை திருத்துக. மட்டை சரியான பின்னரே அதனைப் பிளாஸ்ரிக் தகட்டின்மேல் வைத்து வரைந்து வெட்டவேண்டும். மட்டையிற் பிழைத்தால் இழப்பு ஒன்றுமில்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. உண்மை விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. மாதிரியின் பிளாஸ்ரிக் சுவரோ ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புடையது. எழுபத்திரண்டாற் பெருக்கிப் பாருங்கள்: அது ஏழு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மதிற்சுவராகிவிடும்! ஆகவே உள்ளே இடம் குறைகின்றது. சரியான அளவிற் செய்த மேசையும் இருக்கையும் உள்ளே அமர மறுக்கும். சாளரங்களின் ஓரங்களை உட்புறமிருந்து தேய்த்து மெலிதாக்குக. எஞ்சிய குறையை, பொருள்களின் அகலத்தில் ஒரு மயிரிழை குறைத்து ஈடுசெய்க. உயரத்திற் கைவைக்கலாகாது, கண் உயரத்தின் பிழையை உடனே கண்டுகொள்ளும்.

பொருள்களுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாதிரிப் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்ரிக் சட்டத்தை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே, சுடர் தொடாமற் பிடித்து உருட்டுக. அது இளகி வளையத் தொடங்கியதும் சுடரிலிருந்து அகற்றி, இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் நூலாக நீளும். விரைந்து இழுத்தால் மெல்லிய நூல். தாமதித்து இழுத்தால் தடித்த நூல். குழாய்களும், விலாச் சட்டங்களும், கட்டிற் கால்களும் இதிலிருந்தே பிறக்கும். சிறுவர் இதனைப் பெரியோர் அருகிருக்கவே செய்தல் வேண்டும். இருக்கைகளுக்குச் சமையலறை அலுமினியத்தாள் ஏற்றது. அதன் தடிப்பை எழுபத்திரண்டாற் பெருக்கினால் உண்மைத் தகட்டின் தடிப்புக்கு ஏறத்தாழ ஒத்துவரும். பழைய மின்கம்பியைப் பிரித்தால் வரும் செப்பிழைகள் கருவிகளின் கம்பிகளாகும். கட்டில் விரிப்புக்கு நனைத்த மெல்லிய கடதாசி போதும். காய்ந்ததும் துணியின் மடிப்பு அதில் நிற்கும்.

இனி, அந்த வானொலி அறை. கருவிப் பெட்டிகளைத் தகட்டுத் துண்டுகளை அடுக்கி ஒட்டிச் செய்யலாம். இழுத்த நூலைச் சவர அலகாற் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அரிந்தால் திருகு குமிழ்கள் கிடைக்கும். அவற்றை விரலாற் பிடிக்க முனையாதீர். நனைத்த தூரிகை நுனியால் எடுத்து, துளிப் பசையின்மேல் வைக்கவேண்டும். தந்திச் சாவி ஒன்றரை மில்லிமீற்றர் நீளமே வரும். எங்கள் மாணவி ஒருத்தி அதனை ஐந்து முறை செய்தாள். நான்கு முறை அது காற்றோடு போயிற்று.

வண்ணம் பூசும்போது, உண்மை நிறத்தினும் சற்று வெளிறிய நிறத்தையே கொள்க. சிறிய மூடிய இடத்தில் எந்நிறமும் இருண்டு தோன்றும். அது காய்ந்தபின், மிக நீர்த்த கருநிறத்தை மூலைகளில் ஓடவிட்டால் நிழல் பிறக்கும். பின்னர் தூரிகையில் இளநிறம் தொட்டு, ஏறக்குறைய முழுவதையும் துணியில் துடைத்துவிட்டு, புடைத்த ஓரங்களை மட்டும் இலேசாக வருடினால் ஒளி பிறக்கும். நிழலும் ஒளியும் சேர்ந்த இடத்தில் ஆழம் தானே வரும்.

அனைத்தும் முடிந்து, இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டும் நாள் வந்தது. காவலர் அறை குமிழ்களின் வழியே நன்கு தெரிந்தது. வலவர் இருக்கைகளும் தெரிந்தன. ஆனால் வானொலி அறைக்குச் சிறு சாளரங்களே உண்டு. அதனுள் ஒரு மங்கல் நிழலன்றி வேறெதுவும் புலப்படவில்லை. அப்பொழுது, சாவியைச் செய்த அந்த மாணவி கேட்டாள்: "சேர், ஒருவரும் காணமாட்டார்கள் என்றால், நான் ஐந்து முறை செய்தது எதற்கு?"

நியாயமான கேள்வி. நான் உடனே மறுமொழி கூறவில்லை. அடுத்த வாரம் மாணவரை எங்கள் நாவுலவுக்கு அண்மையிலுள்ள நாலந்தா கெடிகேக்கு அழைத்துச் சென்றேன். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, நீரில் மூழ்கவிருந்த அந்தப் பழைய கற்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த இடத்தில் மீளக் கட்டினர். அதன் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்ற மாணவரிடம், "கட்டியவர்கள் வெளியே தெரியும் கல்லை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். "விழுந்திருக்கும், சேர்" என்றான் ஒருவன். அந்த மாணவி ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது, "சாவி சரியாகத்தான் இருக்கிறது, சேர்" என்று மட்டும் சொன்னாள்.

மாதிரி விழாது என்பது உண்மையே. விழக்கூடியது செய்பவரின் நேர்மை. காணப்படாத இடத்திற் பொய் செய்யப் பழகிய கை, காணப்படும் இடத்திலும் ஒருநாள் பொய் செய்யும். ஆதலின் எங்கள் விதி இரண்டு: சான்று உள்ளதைச் சான்றின்படி செய்க, சான்று இல்லாத இடத்தை அழகுக்காக நிரப்பாது வெறுமையாக விடுக.

அந்தக் கற்றலினா இப்பொழுது எங்கள் நூலகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் நிற்கின்றது. அதனுள் ஆள் உருவங்களை நாங்கள் வைக்கவில்லை. இடங்களை மட்டும் அமைத்தோம். புதிதாக வரும் பிள்ளைகள் குமிழ்களின் வழியே எட்டிப்பார்த்து, எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பார்கள். ஒன்பதின்மர் என்று சொல்வோம். எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது அவர்களின் அடுத்த கேள்வி. அக்கேள்வியிலிருந்தே எங்கள் வரலாற்றுப் பாடம் தொடங்குகின்றது.