டெக்கன் 8: பிளாக் பண்ணத் தெரிஞ்சவனுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பக்கம் வளர்ந்தவங்களுக்கு டெக்கன் 3-ஐப் புதுசா அறிமுகப்படுத்தத் தேவையில்ல. மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு ஆட விட்ட பிளேஸ்டேஷன் கடையிலயோ, பெரியம்மா பையன் கம்ப்யூட்டர்லயோ, நீங்களும் ஒரு தடவையாவது எடியை எடுத்துக்கிட்டு கண்டபடி பட்டனைத் தட்டி ஜெயிச்சிருப்பீங்க. பக்கத்துல உக்காந்தவன் "எடி எடுக்கக் கூடாதுடா, அது ஏமாத்து"ன்னு சண்டைக்கு வந்திருப்பான். அதே சண்டைதான் 2025 ஏப்ரல்ல உலகம் முழுக்க நடந்துச்சு. இந்தத் தடவை கத்தினது தோத்துப்போன தம்பி இல்ல, வருஷக்கணக்கா போட்டிகள்ல ஆடுறவங்க.

டெக்கன் 8 வெளிவந்தது 2024 ஜனவரி 26. கிராஃபிக்ஸ் அருமை, ஆன்லைன் முந்தின பாகத்தை விட எவ்வளவோ மேல்னு ஆரம்பத்துல நல்ல பேருதான். முதல் முணுமுணுப்பு காசு விஷயத்துல வந்தது. கேம் ரிலீஸ் ஆகி, விமர்சனம் எல்லாம் எழுதி முடிச்ச பிறகு, உள்ளேயே ஒரு கடையைத் திறந்தாங்க. கோபம் வந்தாலும் அது காஸ்ட்யூம் சமாச்சாரம், வேணாம்னா விட்டுடலாம். 2025 ஏப்ரல் தொடக்கத்துல வந்த சீசன் 2 பேட்ச் அப்படி விடக்கூடியது இல்ல. அது ஆட்டத்தையே மாத்துச்சு. சில நாள்லயே ஸ்டீம்ல சமீபத்திய ரிவ்யூக்கள் அந்தத் தளத்தோட கடைசிப் படியான 'ஓவர்வெல்மிங்லி நெகட்டிவ்' வரைக்கும் இறங்கிடுச்சு.

என்னதான் மாறுச்சு? இதுக்குக் கொஞ்சம் ஃபிரேம் கணக்கு தெரியணும். டெக்கன் ஒரு செகண்டுக்கு 60 ஃபிரேம்ல ஓடுது. ஒரு ஃபிரேம்னா சுமார் 16.7 மில்லி செகண்ட். வேகமான ஜாப் குத்து 10 ஃபிரேம்ல வந்து விழும். நம்ம கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசையறதுக்குக் கால் செகண்ட் ஆகும்னு வெச்சுக்கிட்டாலே 15 ஃபிரேம் காலி. அதாவது ஜாபைப் பார்த்துத் தடுக்கவே முடியாது. அடுத்து என்ன வரும்னு முன்கூட்டியே ஊகிக்கணும்.

அடியும் ஒரே மாதிரி வராது. மிட் அடியை நின்னுக்கிட்டுத் தடுக்கணும், லோ அடியைக் குனிஞ்சு தடுக்கணும். லோவுக்காகக் குனிஞ்சப்ப மிட் வந்தா மூஞ்சியில வாங்குவீங்க. ரெண்டுல எதுன்னு பார்த்து முடிவெடுக்க நேரம் இல்லாத நிலைமைக்கு '50-50'ன்னு பேரு. காசு சுண்டிப் போடுற மாதிரிதான்.

பழைய டெக்கன்ல இந்த 50-50-க்குள்ள மாட்டாம இருக்கிறதே ஒரு கலை. பின்னாடி நகர்ந்து எதிராளியைக் காத்துல அடிக்க விடலாம், பக்கவாட்டுல விலகலாம், தடுத்தப்புறம் எந்த அடிக்கு எது சரியான பதிலடின்னு மனப்பாடம் பண்ணி வெச்சுத் தண்டிக்கலாம். எந்த கேரக்டர் எந்தப் பக்கம் பலவீனம்னு ஒரு நோட்டு போட்டுப் படிச்சவங்க உண்டு. செமஸ்டருக்குக்கூட அப்படிப் படிச்சிருக்க மாட்டாங்க.

டெக்கன் 8-ஐ உருவாக்கினவங்க முதல்லயே 'ஆக்ரோஷம்'தான் இதோட மையக் கருத்துன்னு சொல்லிட்டாங்க. அதுக்காகத்தான் 'ஹீட்'. ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவை இதை எடுத்துக்கலாம். சுமார் பத்து செகண்ட் ஓடும். அந்த நேரத்துல நீங்க சரியா தடுத்தாலும் உங்க லைஃப் கொஞ்சம் குறையும். குறைஞ்சதைத் திரும்ப எடுக்க நீங்களும் போய் அடிக்கணும். தடுத்ததுக்கே அபராதம், அதைக் கழிக்கவும் சண்டை. இதை முதல் வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏத்துக்கிட்டாங்க, ஏன்னா சீசன் 2-ல தற்காப்பைப் பலப்படுத்துவோம்னு நம்பிக்கை கொடுத்திருந்தாங்க.

வந்தது நேர் எதிர். பல கேரக்டர்களுக்குப் புதுசு புதுசா 50-50 அடிகள். தடுத்த பிறகும் அடிச்சவன் கையிலயே ஆட்டம் இருக்கிற மாதிரி அடிகள். பக்கத்துல விலகினா துரத்திப் பிடிக்கிற அடிகள். முன்னாடி இல்லாத ஆயுதம் கையில வந்ததுல ஒவ்வொரு கேரக்டரோட பலவீனமும் மறைஞ்சு, எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆயிட்டாங்க. நோட்டு போட்டுப் படிச்சவனுக்கு சிலபஸ் போச்சு.

"சரி, ரெண்டு பேருக்கும் ஒரே விதிதானே, இதுல என்ன அநியாயம்?"னு கேக்கலாம். இங்கதான் நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர் உதவும். ரெண்டு பேர் ஆடுறாங்க. நல்லா ஆடுறவர் ஒரு ரவுண்டை ஜெயிக்க 60% வாய்ப்புன்னு வெச்சுக்கங்க. மூணு ரவுண்டு முதல்ல எடுத்தா ஒரு கேம். கணக்குப் போட்டா அவர் கேமை ஜெயிக்க 68%. ரெண்டு கேம் முதல்ல எடுத்தா செட் அவருக்கு, அதுக்கு 76%. இப்ப 50-50 அதிகமாகி, ரவுண்டு வாய்ப்பு 60-லேர்ந்து 53-க்கு இறங்குதுன்னு எடுத்துக்கங்க. வெறும் 7தான். ஆனா கேம் 56%, செட் 58%. நாலு செட்ல மூணை ஜெயிச்சிட்டிருந்தவர் கிட்டத்தட்ட பூவா தலையாவுக்கு வந்துட்டாரு. 60, 53 ரெண்டும் உதாரணத்துக்கு நான் எடுத்த எண்கள். ஆனா போக்கு அப்படித்தான் இருக்கும்: ரவுண்டுல சின்னதா நுழையுற அதிர்ஷ்டம் செட்ல பெருசா வந்து நிக்கும்.

கிரிக்கெட் பாக்கிறவங்களுக்கு 2024 ஐபிஎல்லை ஞாபகப்படுத்தினா போதும். இம்பாக்ட் பிளேயர் விதி, தட்டைப் பிட்ச், பெங்களூருவுக்கு எதிரா ஹைதராபாத் 287. விதி ரெண்டு டீமுக்கும் ஒண்ணுதான். இருந்தும் பவுலர் முகத்தைப் பார்த்தா, கத்துக்கிட்ட வித்தைக்கு மதிப்பில்லைங்கிறது தெரிஞ்சுது.

இதே கணக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்லுது, அதை ரசிகர்கள் கோபத்துல மறந்துடுறாங்க. திறமை இடைவெளி ரொம்பப் பெருசா இருந்தா அதிர்ஷ்டத்தால அதிகம் கிழிக்க முடியாது. ரவுண்டுக்கு 80% இருந்தவர் 70-க்கு இறங்கினாலும் செட்ல 99-லேர்ந்து 93-தான் ஆவாரு. லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019-ல இவோ பட்டம் ஜெயிச்சப்ப ஆடினது டெக்கன் 7. சீசன் 2-க்கு அப்புறம், 2025 ஆகஸ்ட்ல லாஸ் வேகாஸ் இவோவில டெக்கன் 8-லயும் அவரேதான் ஜெயிச்சாரு. ஆக, அடி வாங்கினது உச்சியில இருக்கிறவங்க இல்ல. பக்கத்து சீட்டுக்காரனை விடக் கொஞ்சமே கொஞ்சம் நல்லா ஆட ஆறு மாசம் உழைச்ச நடுத்தர ஆட்டக்காரன்தான். ஊர்ப் போட்டிகளை உயிரோட வெச்சிருக்கிறதும் அவன்தான்.

கம்பெனி பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. ரெண்டு பேரும் பின்னாடி பின்னாடி நகர்ந்துக்கிட்டே இருக்கிற மேட்ச் புதுசா பாக்கிறவனுக்குக் கொட்டாவி விட வைக்கும். வாங்குற லட்சக்கணக்கான பேர்ல போட்டிக்கு ஆடுறவங்க சின்னக் கூட்டம். அதனால ஆக்ரோஷம்ங்கிற யோசனையை நான் குத்தம் சொல்ல மாட்டேன். தற்காப்புக்கு வலு சேர்ப்போம்னு சொல்லிட்டு அதைப் பிடுங்கினதுதான் தப்பு.

இதெல்லாம் முதல் தடவையும் இல்ல. 2001-ல ஆர்கேடுக்கு வந்த டெக்கன் 4, மேடு பள்ளமான தரை, சுவர்னு பரிசோதனை பண்ணப் போய் போட்டியாளர்கள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிச்சு. அப்ப பேட்ச் கிடையாது, அடுத்த பாகம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். 2016 பிப்ரவரியில ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஆர்கேட் மோடு கூட இல்லாம அரைவேக்காடா வந்துச்சு. 2018 ஜனவரியில ஆர்கேட் எடிஷன் வந்துதான் அந்தக் குறை தீர்ந்துச்சு. அதே கேம்தான் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல பதக்கப் போட்டியா நின்னுச்சு. நம்ம நாட்டுலேர்ந்து மயங்க் பிரஜாபதியும் அயான் பிஸ்வாஸும் அதுல ஆடினாங்க. டெக்கன் 8-க்கும் அதே ஏப்ரல்லயே அவசரப் பேட்ச் வந்து, அதுக்கப்புறமும் திருத்தங்கள் தொடர்ந்துச்சு. ஆனா பேட்ச் காலத்துல ஒரு புது வலி உண்டு: போன மாச ஆட்டம் உங்களுக்குப் பிடிச்சிருந்தாலும் ஆன்லைன்ல அதுக்குத் திரும்பிப் போக வழியில்ல.

நம்ம சிம்போசியத்துல கேமிங் ஈவென்ட் நடத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. டெக்கன் 8 வெச்சா, ஒரு செட் தோத்தா வெளியேங்கிற நாக்-அவுட் வேண்டாம். மேல சொன்ன 58% ஆளுக்கு மூணு கேம் எடுத்தா செட்னு நீட்டினாலும் 60 தான் வரும், பெரிய வித்தியாசம் இல்ல. டபுள் எலிமினேஷன் வைங்க. ரெண்டு செட் தோத்தாதான் வெளியே போகணும். கூட ஒரு கன்சோலும் ரெண்டு மணி நேரமும் தேவைப்படும், லேப் பூட்டுறதுக்கு முன்னாடி முடிக்கணும்னா காலையிலயே ஆரம்பிச்சிடுங்க.