அஞ்சலட்டையில் ஓர் ஆட்டம்

விளையாட இரண்டு பேர் வேண்டும். இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். அப்படித்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஒருவர் கம்பத்திலும் மற்றவர் ஆனைக்கரையிலும் இருந்துகொண்டே விளையாடலாம். நடுவில் மலை இருக்கலாம். மாநில எல்லை இருக்கலாம். தபால்காரர் வந்து போனால் போதும்.

இதற்குத் தபால் ஆட்டம் என்று பெயர். இது புதிய விஷயம் அல்ல. 1824ஆம் ஆண்டில் லண்டன் நகரமும் எடின்பரோ நகரமும் கடிதம் மூலம் சதுரங்கம் ஆடத் தொடங்கின. அது 1828 வரை நடந்தது. எடின்பரோ வென்றது.

நம் பக்கத்திலும் உடனே இது தொடங்கிவிட்டது. 1828-29ஆம் ஆண்டுகளில் சென்னையும் ஐதராபாத்தும் கடிதம் மூலம் சதுரங்கம் ஆடின. சென்னை அணியில் குலாம் காசிம் என்பவர் இருந்தார். அவர் பெரிய ஆட்டக்காரர். 1829இல் அவரும் காக்ரேன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து சதுரங்கம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அது சென்னையில் அச்சானது. ஆட்டத்தின் ஒரு வகைத் தொடக்கத்துக்கு இன்றும் உலகம் முழுவதும் குலாம் காசிம் பெயர்தான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது இந்தியாவில் ரயில் இல்லை. தந்தி இல்லை. அஞ்சலட்டை கூட 1879இல்தான் வந்தது. தபால் ஓட்டக்காரர்கள் பையைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். அந்தப் பையில் அரசாங்கக் காகிதங்களோடு ஒரு குதிரையின் நகர்வும் போயிருக்கிறது!

புதிதாக ஆடுபவர் எதில் தொடங்கலாம்? தெரிந்த ஆட்டத்தில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். ஆடுபுலி ஆட்டம் நமக்குத் தெரியும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. திண்ணையில் கரியால் கோடு போட்டு ஆடுவோமே, அதேதான்.

தம்பி இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். அண்ணன் கம்பத்தில் இருக்கிறார். அப்படி வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டிலும் ஓர் அட்டையில் ஒரே மாதிரி கோடு போட வேண்டும். புள்ளிகளுக்கு எண் போட வேண்டும். உச்சிப் புள்ளி 1. அடுத்த வரிசையில் இடமிருந்து வலமாக 2 முதல் 7 வரை. அதற்குக் கீழே 8 முதல் 13 வரை. பிறகு 14 முதல் 19 வரை. கடைசி வரிசையில் நான்கு புள்ளிகள். அவை 20 முதல் 23 வரை. புலிகள் எங்கே நிற்க வேண்டும்? எத்தனை ஆட்டைத் தின்றால் புலிக்கு வெற்றி? இவை ஊருக்கு ஊர் மாறும். அதனால் முதல் கடிதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். பாதி ஆட்டத்தில் சண்டை வரக் கூடாது.

அண்ணனுக்கு ஆடு. தம்பிக்குப் புலி. தம்பியின் அட்டை இப்படி இருக்கும்:

"அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே நல்ல மழை. உங்கள் அட்டை 12ஆம் தேதி கிடைத்தது. நீங்கள் 17இல் ஆடு வைத்தீர்கள். என் புலி 3இலிருந்து 15க்குத் தாவுகிறது. 9இல் (ஒன்பதில்) இருந்த ஆட்டை எடுத்துவிடுங்கள். அண்ணிக்கு என் வணக்கம். 13ஆம் தேதி எழுதினேன்."

இந்த அட்டையில் நாலு காரியம் இருக்கிறது. அண்ணனின் நகர்வைத் தம்பி திருப்பி எழுதுகிறார். இருவர் பலகையும் ஒன்றாக இருக்கிறதா என்று இதனால் தெரியும். எண்ணை எழுத்தாலும் எழுதுகிறார். 1ஐ 7 என்று படித்துவிடலாம், 6ஐ 0 என்று படித்துவிடலாம். எழுத்தில் எழுதினால் குழப்பம் இல்லை. கிடைத்த தேதி, எழுதிய தேதி இரண்டையும் போடுகிறார். யார் தாமதம் செய்தது என்று பிறகு வாக்குவாதம் வராது. நாலாவது காரியம் மழையும் அண்ணியும். அது ஆட்டத்தில் சேராது. ஆனால் அண்ணன் அதைத்தான் முதலில் படிப்பார்.

ஒரு நோட்டில் எல்லா நகர்வுகளையும் வரிசையாக எழுதி வையுங்கள். பூனை பலகையைத் தட்டிவிட்டால் நோட்டைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம்.

முகவரியில் பின்கோடு எழுத மறக்க வேண்டாம். ஆனைக்கரை என்ற ஊர் இடுக்கி மாவட்டத்திலும் உண்டு. பாலக்காடு மாவட்டத்திலும் உண்டு. இடுக்கி ஊருக்கு எண் 685 என்று தொடங்கும். பாலக்காட்டு ஊருக்கு 679 என்று தொடங்கும். எண் தப்பினால் உங்கள் புலி வேறு மலைக்குப் போய்விடும்.

எவ்வளவு நாள் ஆகும்? அட்டை போக மூன்று நாள், பதில் வர மூன்று நாள், யோசிக்க ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். வாரம் ஒரு சுற்று. 15 ஆடுகளையும் இறக்கவே 15 வாரம் ஆகும். அஞ்சலட்டை விலை 50 காசு. ஒருவருக்கு ஏழரை ரூபாய் செலவு.

இவ்வளவு மெதுவாகவா என்று சிலர் சிரிப்பார்கள். இந்த மெதுவில்தான் நமக்கு லாபம் இருக்கிறது. நேரில் ஆடும்போது எதிராளி "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். சுற்றி நிற்பவர்கள் யோசனை சொல்வார்கள். தபால் ஆட்டத்தில் அது இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் வேகமாகப் படிப்பவரும் இங்கே சமம். ஓர் அட்டையை ஒரு வாரம் வைத்துப் படிக்கலாம்.

ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. எழுதியது எழுதியதுதான். சதுரங்கத்தைத் தபாலில் ஆடும்போது இது நன்றாகத் தெரியும். அங்கே 64 கட்டங்களுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் நிரலைச் சொல்லும். இரண்டாவது வரிசையைச் சொல்லும். 5254 என்றால் 52ஆம் கட்டத்துச் சிப்பாய் 54க்குப் போகிறது. 7163 என்றால் குதிரை புறப்பட்டுவிட்டது. நான்கே எண்கள். தமிழ் தெரியாத மலையாளியோடும் ஆடலாம். ரஷ்யாக்காரரோடும் ஆடலாம். 5254 என்று எழுத நினைத்து 5253 என்று எழுதினால் என்ன ஆகும்? சிப்பாய் ஓர் அடிதான் போகும். அதுவும் சட்டப்படி சரியான நகர்வு. ஆகவே அதுதான் செல்லும். "கை தவறிவிட்டது" என்று இன்னொரு கடிதம் போட முடியாது. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை படிப்போம் அல்லவா? அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

வெறும் எண்கள் நிறைந்த கடிதத்தைப் பார்த்து அரசாங்கங்களே பயந்தது உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வெளிநாட்டுத் தபாலில் சதுரங்க நகர்வுகளை எழுதத் தடை போட்டார்கள். ஒற்றர்களின் ரகசியச் செய்தியாக இருக்குமோ என்று சந்தேகம்!

இதைவிடப் பெரிய ஆட்டங்களும் உண்டு. அவை ராஜ்ய ஆட்டங்கள். அமெரிக்காவில் ரிக் லூமிஸ் என்பவர் 1970இல் ராணுவத்தில் இருந்தபோது இப்படி ஓர் ஆட்டத்தைத் தபாலில் நடத்தத் தொடங்கினார். பிறகு இதற்கென்றே நிறுவனங்கள் வந்தன. 1985இல் வந்த 'ஹைபோரியன் வார்' என்ற ஆட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ராஜ்யங்கள். ஒருவருக்கு ஒரு ராஜ்யம். படைகள், ஒற்றர்கள், மந்திரவாதிகள் எல்லாம் உண்டு. ஒவ்வொருவரும் தம் கட்டளைகளை ஒரு படிவத்தில் எழுதி அனுப்புவார்கள். நிறுவனத்தின் கணினி எல்லார் கட்டளைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும். யார் வென்றார், யார் நாடு போயிற்று என்று எல்லாருக்கும் எழுதி அனுப்பும். நீங்கள் படை அனுப்பும் அதே நாளில் பக்கத்து ராஜாவும் உங்கள் ஊருக்குப் படை அனுப்பியிருக்கலாம். பதில் வரும்வரை தெரியாது.

இந்த ஆட்டங்களின் விதிப் புத்தகம் தடிமனானது. புதியவர்கள் அதைப் பார்த்தே மலைத்துப் போவார்கள். முழுவதும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதல் படிவத்தை நிரப்பத் தேவையான பக்கங்களை மட்டும் படித்தால் போதும். சின்ன ராஜ்யமாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ராஜாக்களுக்கு உடனே கடிதம் எழுதி நட்புக் கொள்ள வேண்டும். படையை விட இந்தக் கடிதம்தான் பலரைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். அது எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது தபால் சதுரங்கம் பெரும்பாலும் கணினி வழியே நடக்கிறது. உலக தபால் சதுரங்க அமைப்பு 2004 முதல் இணையத்திலும் ஆட்டங்களை நடத்துகிறது. அண்ணனும் தம்பியும் செல்போனிலும் நகர்வை அனுப்பலாம். ஆனால் செல்போனில் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் பதில் கேட்பார்கள். யோசிக்க அவகாசம் போய்விடும். நான் அட்டைக்கே ஓட்டுப் போடுவேன்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. "நீங்கள் 8இல் ஆடு வைத்தால் என் புலி 10க்குப் போகும்" என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். அண்ணன் 8இல் வைத்தால் ஒரு சுற்று மிச்சம். இன்னொரு வழியும் உண்டு. புலிகளுக்கு நகர வழியில்லாமல் தம்பி தோற்றுவிட்டாரா? தோல்வியை ஒப்புக்கொள்ளும் அட்டையிலேயே இடத்தை மாற்றிக்கொண்டு, அடுத்த ஆட்டத்தின் முதல் ஆட்டை 9இல் இறக்கிவிடலாம்.