சுவரைக் கட்டுமுன் நாயைப் பாருங்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் இரண்டு வருடத்தில் இரண்டு முறை கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். ஐந்தடியாக இருந்த காம்பவுண்ட் சுவர் ஆறாகி, இப்போது ஏழடி. அவருடைய ராஜபாளையம் இன்றும் வாரத்துக்கு ஒருமுறை ஊர் சுற்றி வருகிறது. துணி துவைக்கிற கல்லில் ஒரு தாவல், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் இன்னொன்று, அப்புறம் தெரு. சுவரை அளந்தவர்கள் கல்லையும் தொட்டியையும் நகர்த்த மறந்துவிட்டார்கள்.

சோறு போடுகிற வீட்டை வெறுத்து ஓடுகிற நாயை நான் பார்த்ததில்லை. ஒன்றைத் தேடிப் போகும். இல்லையென்றால் ஒன்றுக்குப் பயந்து ஓடும். எது என்று தெரியாமல் செங்கல் வாங்குவது, என்ன காய்ச்சல் என்று தெரியாமல் போர்வை வாங்குவது மாதிரி.

ஆண் நாயாக இருந்தால் முதலில் மூக்கைச் சந்தேகப்படலாம். மணத்தை உணரும் செல்கள் நமக்கு ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல். போதாததற்கு, மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. இன்னொரு நாய் விட்டுச்சென்ற வேதிச் செய்திகளைப் படிப்பதுதான் அதன் வேலை. பெட்டை நாய் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை, சுமார் மூன்று வாரம் பருவத்தில் இருக்கும். அந்த நாள்களில் அது சிறுநீர் கழிக்கிற ஒவ்வொரு கம்பமும் ஒரு கல்யாண போஸ்டர். பெட்டையும் சும்மா இருக்காது. கேட் திறக்கிற நேரம் பார்த்துக் காத்திருக்கும்.

இதற்குச் சுவரைவிடக் கருத்தடை நல்ல மருந்து. 1997இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு வயது தாண்டிக் கருத்தடை செய்யப்பட்ட 57 ஆண் நாய்களை ஆராய்ந்தார்கள். ஊர் சுற்றும் பழக்கம் இருந்தவற்றில் பத்துக்கு ஆறு நாய்களிலாவது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. நாயின் வயதுக்கும் பலனுக்கும் தொடர்பு தெரியவில்லை. 'இனிமேல் செய்து என்ன பிரயோஜனம்' என்கிறவர்கள் கவனிக்க.

கன்னி, சிப்பிப்பாறை வகைகளின் கதை வேறு. முயலைப் பார்த்துத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. இப்படி மூக்கு நீண்ட நாய்களின் விழித்திரையில் பார்வைச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல நெருக்கமாக அமைந்திருக்கும். தொடுவானத்தில் ஒன்று அசைந்தால் போதும், தெரிந்துவிடும். அதைக் கம்பி கேட்டுக்குப் பின்னால் நிறுத்தி, முன்னால் பூனையும் ஸ்கூட்டரும் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கேட்டின் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடியுங்கள்; பாதித் தொல்லை தீரும். மீதிக்குக் காலையும் மாலையும் நல்ல நடை. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று கிண்டல் செய்கிறோம். வேட்டை நாய்க்கு வேலை இல்லாமல் போனதுதான் சிக்கலே.

பயந்து ஓடுவதுதான் ஆபத்து. ராஜபாளையமும் சிவகாசியும் ஒரே விருதுநகர் மாவட்டம். நாயைத் தந்த மண்ணே அதை விரட்டும் வெடியையும் தந்திருக்கிறது. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை வெடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் கேள்திறன் நாய்க்கு 45,000 வரை போகும். திடீர் வெடியில் அட்ரினலின் பொங்கி ஓடும் நாய்க்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. வந்த வழியும் நினைவில் நிற்காது. கருத்தடை இதற்கு உதவாது. தீபாவளியன்று இருட்டுவதற்குள் நடைக்குக் கூட்டிப்போய் வந்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு, கூட ஒருவர் இருப்பதே வழி. அன்றைக்கு மொட்டை மாடியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகுதான் சுவர். ஏறுகிற நாய்க்குச் சுவர் உச்சியில் கம்பியில் கோத்த பிவிசி குழாய் போதும். முன்னங்காலைப் போட்டதும் உருண்டுவிடும். தோண்டுகிற நாய்க்கு வேலி வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். கண்ணாடிச் சில்லு பதிப்பது மட்டும் கூடவே கூடாது. தாவும் வேகத்தில் இருக்கிற நாய் அதைப் பார்க்காது, வயிறு கிழியும்.

திரும்பி வந்த நாயை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். நாய் ஒரு விளைவைச் சில விநாடிகளுக்கு முன் செய்த காரியத்தோடுதான் சேர்த்துப் பார்க்கும். வீட்டுக்குள் கால் வைத்ததும் அடி விழுந்தால், அது கற்றுக்கொள்வது வீட்டுக்கு வரக்கூடாது என்பதைத்தான்.

மைக்ரோசிப் போட்டாயிற்று, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். அரிசி அளவுள்ள அந்தச் சில்லில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். நாய் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. ஸ்கேனர் வைத்திருக்கிற ஒருவர் கையில் கிடைத்தால்தான் பயன். தெருவில் நாயைப் பிடித்து வைக்கிற டீக்கடைக்காரரிடம் ஸ்கேனர் இருக்காது, போன் இருக்கும். கழுத்துப் பட்டையில் உங்கள் நம்பரை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.