முறிந்த கணுக்கால்: நிலையானதா, நிலையற்றதா?

கணுக்காலில் எலும்பு முறிந்தவர்கள் முதலில் கேட்பது, "அறுவை சிகிச்சை தேவைப்படுமா?" என்பதே. அதற்கான விடை, எலும்பு முறிந்ததா என்பதில் மட்டும் இல்லை. முறிந்த பின்னும் மூட்டு தன் இடத்தில் உறுதியாக நிற்கிறதா என்பதில் உள்ளது.

கீழ்க்காலின் டிபியா, ஃபிபுலா என்னும் இரண்டு எலும்புகளும் கவ்வி போல் அமைந்து, பாதத்தின் தாலஸ் எலும்பைப் பிடித்திருக்கின்றன. பேச்சு வழக்கில் 'ஜவ்வு' எனப்படும் தசைநார்கள் இப்பிடிப்புக்கு வலுவூட்டுகின்றன. வெளிப்புற எலும்பு மட்டும் முறிந்து, உட்புறத் தசைநார் வலுவோடிருந்தால் தாலஸ் பொதுவாக இடம் பெயராது. அத்தசைநாரும் அறுந்திருந்தால் தாலஸ் வெளிப்புறமாக விலகக்கூடும். 1 மில்லிமீட்டர் விலகலே மூட்டின் தொடுபரப்பைச் சுமார் 42 விழுக்காடு குறைப்பதாக 1976-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து கூறியது. உடலின் எடை சிறிய பரப்பில் அழுந்தினால், பின்னாளில் மூட்டுத் தேய்மானம் ஏற்படலாம்.

முதலில் மூன்று கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கப்படும். ஒன்றில் காலைச் சற்றே உட்புறம் திருப்பி, தாலஸுக்கும் உட்புறக் கணுவுக்கும் இடையிலான இடைவெளியை அளப்பார்கள். அது 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம் எழும்.

ஆயினும், படுத்த நிலையில் எடுத்த படத்தில் தசைநார்க் காயம் மறைந்திருக்கலாம். எனவே சில நாள்களில், வீக்கமும் வலியும் தணிந்தபின், நின்றவாறு மீண்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். முறிந்த காலை ஊன்றுவதா என அஞ்ச வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றினால் போதும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாகவே ஊன்றிப் பார்ப்பதுதான் கூடாது.

கணுக்காலின் பின்பகுதியும் முறிந்திருந்தால் சி.டி. ஸ்கேன் உதவும். எம்.ஆர்.ஐ. தசைநார்களைக் காட்டும், எனினும் அது எல்லோருக்கும் தேவையில்லை.

எடையைத் தாங்கியும் மூட்டு விலகாதிருந்தால், பெரும்பாலும் காலணி போன்ற கட்டோ மாவுக்கட்டோ போதும். விலகினால், தகடும் திருகும் பொருத்தும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம்.

கருவுற்றிருந்தாலோ, நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தாலோ, உடலில் பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்கூட்டியே தெரிவியுங்கள். கட்டுப் போட்டபின் விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.