புதிய கருவிக்கும் ஓர் ஒழுங்கு



கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில், கொழுந்து பறிக்க நம் கைவிரல்களே கருவி. பிறகு கத்தரி வந்தது. அதன்பின் யந்திரம் வந்தது. ஒவ்வொரு கருவியோடும் அதற்குரிய ஒழுங்கும் வந்தது. யந்திரத்தில் தழை சிக்கினால் முதலில் யந்திரத்தை நிறுத்த வேண்டும்; பிறகே கை வைக்க வேண்டும். இது நாம் அறிந்ததே.

இப்போது நம் கையில் கைத்தொலைபேசி என்னும் கருவி இருக்கிறது. வங்கியில் சம்பளம் விழுந்ததா என்று பார்ப்பதும், சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், உறவினருக்குப் பணம் அனுப்புவதும் அதில்தான். இதற்குரிய ஒழுங்கு என்ன?

முதலாவது, இரகசிய எண். வங்கி அட்டைக்கு 6 இலக்கம். அதில் 10 லட்சம் எண்கள் அமையும். குருட்டாம்போக்கில் கண்டுபிடிப்பது அரிது. ஆனால் நம்மில் பலர் பிறந்த தேதியையே வைத்துக்கொள்கிறோம். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கங்கள் எவை? பிறந்த ஆண்டு, மாதம், நாள் அல்லவா? இரண்டு அட்டையும் ஒரே பணப்பையில் இருந்தால், பூட்டோடு சாவியையும் தொங்கவிட்டது போலத்தான்.

இரண்டாவது, தானா ராத்தாவுக்குப் போகிறவரிடம் அட்டையையும் எண்ணையும் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்லும் வழக்கம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பின்னொரு நாள் கணக்கில் பணம் குறைந்தால், சந்தேகம் அவர்மேல்தான் விழும். பணத்தோடு உறவும் கெடும்.

மூன்றாவது, முகம் தெரியாதவர் பேச்சு. "போலீசிலிருந்து பேசுகிறோம், உங்கள்மேல் வழக்கு இருக்கிறது" என்று மிரட்டுவார்கள். வங்கியோ போலீசோ நம் இரகசிய எண்ணையும், குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணையும் கேட்பதில்லை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்புவோரும் உண்டு. அதைத் தொலைபேசியில் ஏற்றி, கேட்கும் அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் செய்திகளை அவர்களும் படிப்பார்கள். டேக் எண்ணும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

அவசரப்படுத்துவதே இவர்களின் தந்திரம். ஆகவே, யந்திரத்தை நிறுத்துவது போல முதலில் பேச்சை நிறுத்துவோம். பிறகு வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நாமே அழைத்து விசாரிப்போம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வங்கிக்கோ, 2022-இல் அமைந்த தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கோ உடனே அழைக்க வேண்டும். போன பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடும். சீக்கிரம் சொன்னால்தான் வழிமறிக்க வாய்ப்புண்டு.

பிறந்த தேதியை இரகசிய எண்ணாக வைத்திருப்போர், அடுத்த முறை வங்கிக்குப் போகும்போதே அதை மாற்றிவிடுவோம்.