அந்த ஆண்ட்ராய்டு பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒருமுறை பணம் கட்டினால் போதும். தமிழ் ஒளிவழிகள், புதுப்படங்கள், காற்பந்து ஆட்டங்கள் எல்லாம் இலவசம். இப்படிச் சொல்லி விற்கப்படும் கையடக்க ஆண்ட்ராய்டு பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2022 அக்டோபரில் சிங்கப்பூர்க் காவல்துறை சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் சோதனை நடத்தி 17 பேரைக் கைதுசெய்தது. 2,500க்கும் மேற்பட்ட பெட்டிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

இதில் குற்றம் எது? பெட்டி என்பது தொலைக்காட்சியுடன் இணையும் சிறு கணினி, அவ்வளவுதான். படங்களும் அதற்குள் இல்லை. எங்கோ ஒருவர் கட்டண ஒளிவழியின் பூட்டை நீக்கி, காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக்கி, வெளிநாட்டுச் சேவையகத்தில் ஏற்றுகிறார். பெட்டியில் உள்ள செயலி அத்துண்டுகளை வரிசையாக இறக்கி ஓட்டுகிறது.

சேவையகத்தை ஒரே இரவில் வேறு நாட்டுக்கு மாற்றிவிடலாம். செயலியைப் பதித்துப் பெட்டியை விற்பவரோ இங்கேதான் இருக்கிறார். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் அவரைக் குறிவைக்கிறது. தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சரி, வாங்கியவருக்கு என்ன கேடு?

இத்தகைய செயலிகள் பெரும்பாலும் கூகலின் அதிகாரபூர்வச் செயலிக் கடையில் இருப்பதில்லை. அவற்றை நிறுவ, பாதுகாப்புச் சோதனையை முடக்க வேண்டியிருக்கும். சில பெட்டிகளில் தீய மென்பொருள் முன்கூட்டியே பதிக்கப்பட்டே வருகிறது. ‘பேட்பாக்ஸ் 2.0’ எனும் அத்தகைய மென்பொருள் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது.

அது உங்கள் இணைய இணைப்பை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கிறது. யாரோ செய்யும் மோசடி, உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து நடந்ததுபோல் பதிவாகும். நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திரையில் எதுவும் தெரியாது. அது பெட்டியின் அடிப்படை மென்பொருளிலேயே கலந்திருந்தால், தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டாலும் போகாது.

எல்லாப் பெட்டிகளும் இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை. ஆனால், வெளியிலிருந்து பார்த்து நல்லது கெட்டதைப் பிரிக்க முடியாது. ஆகவே, வாங்கும் முன் பெட்டிக்கு ‘பிளே புரொடெக்ட்’ சான்று உள்ளதா என்று பாருங்கள். பாதுகாப்பை முடக்கச் சொன்னாலோ சந்தா இல்லாமல் கட்டண ஒளிவழிகள் கிடைக்கும் என்றாலோ வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இன்றே அதை வைஃபையிலிருந்து துண்டித்துவிடுங்கள். அதே இணைப்பில்தான் உங்கள் வங்கிச் செயலியும் பிள்ளைகளின் கணினியும் இயங்குகின்றன.