பொதிகை தொலைக்காட்சி

பொதிகை தொலைக்காட்சி என்பது தூர்தர்சன் நிறுவனம் சென்னையிலிருந்து நடத்திவரும் தமிழ் அலைவரிசைக்கு 2000 முதல் 2024 வரை வழங்கிய பெயராகும். இது தற்போது டிடி தமிழ் என அழைக்கப்படுகிறது. தாமிரபரணி ஆறு தோன்றும் பொதிகை மலையின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. ஆயினும், நிலையம் தொடங்கிய காலத்தில் அதன் ஒளிபரப்பு அம்மலையைச் சார்ந்த திருநெல்வேலிப் பகுதிக்கு எட்டவில்லை.

பெயர்

பொதிகை மலை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ளது. சங்க இலக்கியம் இதைப் பொதியில் என்று குறிப்பிடுகிறது. வேள் ஆய் ஆண்ட மலை இதுவே. தமிழுக்கு இலக்கணம் வகுத்தவராகக் கருதப்படும் அகத்தியர் இங்கு வாழ்ந்தார் என்பது மரபு. இதனால் பொதிகை என்ற சொல் மலையை மட்டுமன்றித் தமிழையும் நினைவூட்டும் பெயராக விளங்குகிறது.

தொடக்கம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டது. அப்போது தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாக இருந்தது. 1976 ஏப்ரல் 1 முதல் தூர்தர்சன் தனி அமைப்பாயிற்று. வெள்ளிக்கிழமை இரவின் திரைப்பாடல் நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும், உழவர்களுக்கான வயலும் வாழ்வும், நேயர் கடிதங்களுக்கு விடை கூறும் எதிரொலி ஆகியவை சென்னை நிலையத்தின் புகழ்பெற்ற நிகழ்ச்சிகள். 1982 ஆகத்து 15 முதல் தில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பும், அதே ஆண்டில் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின.

தாமிரபரணிப் பகுதியில் தொலைக்காட்சி

தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவும் மலைகளும் அவற்றை மறைக்கும். எனவே சுமார் 600 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக் கோபுரத்தின் அலைகள் திருநெல்வேலியை அடைய வழியில்லை. 1963 முதல் சொந்த வானொலி நிலையம் பெற்றிருந்த ஊருக்குத் தொலைக்காட்சி பல ஆண்டுகள் எட்டாத பொருளாகவே இருந்தது.

இவ்வட்டாரத்தில், குறிப்பாகக் கடற்கரையை ஒட்டிய ஊர்களில், பலர் முதலில் கண்டது அண்டை நாட்டு ஒளிபரப்பை. இலங்கையின் ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதன் முதன்மை ஒலி-ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையில் அமைந்தது. உயரமான கோபுரம், இடையே மறைப்பற்ற மன்னார் வளைகுடா ஆகிய இரண்டும் சேர்ந்து அலைகளை 300 கி.மீ.க்கு அப்பாலும் கொண்டுவந்தன. வீடுகளில் நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, பூஸ்டர் பொருத்தி, தென்கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தனர். வானிலை மாறினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும்.

1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் இந்நிலையை மாற்றியது. அதன் வழியே நிகழ்ச்சிகளைப் பெற்று மறு ஒளிபரப்பும் குறைந்த திறன் நிலையங்கள் 1984 முதல் நாடெங்கும் விரைந்து அமைக்கப்பட்டன. ஒரு நிலையம் சுற்றியுள்ள சில ஊர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. ஆனால் செயற்கைக்கோள் வழியே வந்தவற்றில் பெரும்பகுதி இந்தி, ஆங்கில நிகழ்ச்சிகள். சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களுக்குப் பரவலாகக் கிடைக்கக் கொடைக்கானல் மலையில் அமைந்த உயர்திறன் நிலையம் வழிசெய்தது. அதற்காக ஆண்டெனாக்கள் வடக்கு நோக்கித் திரும்பின.

செயற்கைக்கோள் அலைவரிசை

1993இல் தமிழுக்கெனத் தூர்தர்சனின் தனிச் செயற்கைக்கோள் அலைவரிசை தொடங்கியது. சன் தொலைக்காட்சி தோன்றியதும் அதே ஆண்டில்தான். கேபிள் இணைப்பு பரவியதும் ஆண்டெனாவின் தேவை குறைந்தது. பார்வையாளர்களும் தனியார் அலைவரிசைகளின் பக்கம் சென்றனர். இப்போட்டிக்கு நடுவே, 2000 சனவரியில் தூர்தர்சனின் தமிழ் அலைவரிசைக்குப் பொதிகை என்ற பெயர் இடப்பட்டது.

பெயர் மாற்றம்

2024 சனவரி 19 அன்று சென்னையில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவில், புதுப்பிக்கப்பட்ட அலைவரிசையைப் பிரதமர் நரேந்திர மோதி டிடி தமிழ் என்ற பெயரில் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பே, 2021-22 காலத்தில், தூர்தர்சனின் பழைய தரைவழி ஒளிபரப்பிகளுள் பெரும்பாலானவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தன. இன்று இந்த அலைவரிசையைக் கேபிள் வழியாகவும், மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியாகவும் காணலாம். ஆண்டெனாவைத் திசைதிருப்பித் தமிழ் நிகழ்ச்சி தேடிய காலமும், நெல்லை மலையின் பெயர் திரையின் மூலையில் தெரிந்த காலமும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக முடிவுக்கு வந்தன.